மூன்றாம் தரம்

சாய்ந்தமருதுக் கரையில்
இருபத்தாறு வருடம் மீனுக்கு விலை கூறியவன் நான்.
கடல் இரைகிற மார்கழியிலும்
கடைசித் தோணிவரை கேட்கும் என் ‘ஒருதரம்’.
இப்போது இதைக்கூட
கொப்பியில் எழுதித்தான் நீட்டுகிறேன்.

கழுத்தில் கோழிமுட்டை அளவில் ஒரு கழலை.
வலி இல்லை. சேட்டின் மேல் பொத்தான்தான் பூட்டவில்லை.
“சின்ன வேலை, ஆதம்பாவா.
ரெண்டு கிழமையில் கரைக்குப் போகலாம்” என்றார் டொக்டர்.
போனேன்.
பாரைக் குவியலுக்கு முன் நின்று வாயைத் திறந்தேன்.
ஓட்டைத் தியூப்பில் காற்றுப் போவதுபோல்
என்னவோ வந்தது.
பெடியன்கள் சிரித்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.

கொழும்பில் மூக்கு வழியே கமரா விட்டுக் காட்டினார்கள்:
குரலுக்கு ரெண்டு கதவு,
இடதுபக்கக் கதவு அசையவில்லை.
அதை அசைக்கும் நரம்பு நேரே தொண்டைக்குப் போகாதாம்.
நெஞ்சுக்குள் இறங்கி
பெரிய இரத்தக்குழாயைச் சுற்றி
திரும்பி மேலே ஏறுமாம்.
கரவலைக் கயிறு மாதிரி.
கடலுக்குள் போய் வளைந்து
கரைக்கே வந்து சேரும் கயிறு.
அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.
இழுப்பவன் கையில் கனம் குறையும்,
அவ்வளவுதான்.

வழக்கு ஐந்தாவது வருடத்தில் நிற்கிறது.
நான் கூண்டில் ஏறிய முதல் நாள்
“சாட்சி சத்தமாகப் பேசவும்” என்றார் நீதிபதி.
தட்டச்சு செய்த பிள்ளை தலையை உயர்த்தினாள்.
மின்விசிறிகளை நிறுத்தினார்கள்.
கல்முனை நீதிமன்றம் முழுக்க
மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காது கொடுத்தது.
மீன் விற்ற காலத்தில்
இப்படி ஓர் அமைதி எனக்கு வாய்த்ததே இல்லை.

சம்மதத் தாளைக் காட்டினார்கள்.
ஆங்கிலத்தில் பதினொரு வரி.
ஏழாவது வரியில் குரல் இருந்ததாம்.
கையெழுத்து என்னுடையதுதான்.
நல்ல கைகளிலும் நூற்றில் ஒருவருக்கு நடக்கும்
என்றார் நிபுணர்.
நரம்பைத் தேடிப் பார்த்ததாக
ஒப்பரேசன் குறிப்பில் ஒரு சொல் உண்டா
என்று கேட்டார் என் லோயர்.
நிபுணர் தாளைத் திருப்பினார்.
மறுபடியும் திருப்பினார்.
தேடாமல் விட்டதா, தேடியும் எழுதாமல் விட்டதா
என்பதில் அன்றைய பகல் முடிந்தது.

நூற்றில் ஒருவன்
தண்ணீர் குடித்தால் புரையேறும்.
பள்ளியில் வரிசை முழுக்க ஆமீன் எழும்பும்போது
அவனுக்கு உதடு மட்டும் அசையும்.

டொக்டரை ஒருமுறை படிக்கட்டில் எதிர்கொண்டேன்.
மெலிந்திருந்தார்.
அவர் வாய் திறந்தது.
அவருடைய லோயர் முழங்கையைத் தொட்டார்.
மூடிக்கொண்டது.
அவருக்கு ரெண்டு கதவும் நன்றாக அசைகின்றன.

பிறகு இணக்கப் பேச்சு.
ஐந்து லட்சம் என்றார்கள்.
தேநீர் வந்தது. எட்டு.
வியாபாரியின் கண் ஐஸ்பெட்டிப் பக்கம் போனால்
மடியில் இன்னும் காசு இருக்கிறது.
காப்புறுதிக்காரரின் கண்
தோல்பையின் பக்கம் போனது.
பத்து. பன்னிரண்டரை.
அத்தனை நாளும் அடுத்தவன் பிடித்ததை விற்றேன்.
இன்று விலைக்கு வந்தது என்னுடையது,
கூறத்தான் ஆளில்லை.

என்னிடமும் ஒரு விலை இருந்தது. எழுதினேன்:
“படிக்கட்டில் சொல்ல வந்ததை அவர் சொல்லட்டும்.
காசு பிறகு.”
லோயர் வாசித்தார்.
தாளை மெல்லக் கிழித்துத் தன் பையில் வைத்தார்.
“இதை எந்தத் தலைப்பில் கேட்பது, காக்கா?”

அடுத்த தவணை பெருநாளுக்குப் பிறகு.

இன்று கரையில் றிஸ்லி கூறினான்.
என் இடத்துக்கு வந்தவன், அவசரக்காரன்.
அறுக்குளா ஒன்று, ஈரம் காயாமல்.
ஒருதரம்.
ரெண்டுதரம் என்று சொல்லிவிட்டு
என்ன நினைத்தானோ
என் பக்கம் திரும்பி நின்றான்.
கூட்டமும் திரும்பியது.
அலை ஒன்று வந்து போனது.
இன்னொன்றும்.